செகண்ட் ஒப்பீனியன்: சேலத்திலேயே கேட்கலாமா, வெளியூர் போக வேண்டுமா?

மே 11. அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

எனக்கு வயது 33. ஐவிஎஃப் (லேப்பில் கருவாக்கும் டெஸ்ட் டியூப் முறை) செய்து இரண்டு தடவை கரு வைத்தார்கள், இரண்டும் நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஊசி போட்டு ஆரம்பிக்கலாம், இந்த முறை கூடுதலாகச் சிலது சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரியையே மாற்று என்கிறார்கள் வீட்டில். மாமியார் கோயம்புத்தூர் என்கிறார், அண்ணன் பெங்களூர் என்கிறான். வேறு டாக்டரைப் பார்த்தது தெரிந்தால் இவர் கோபித்துக்கொள்வாரா? சேலத்திலேயே யாரிடமாவது கேட்டால் போதாதா?

மே 11, இரவு

ஊரை அப்புறம் பார்ப்போம். ஃபைல் உங்கள் கையில் இருக்கிறதா?

ஆஸ்பத்திரியை மாற்றுவது வேறு, இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது வேறு. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். புது ஆஸ்பத்திரிக்குள் போனதும் புது ஃபைல் திறப்பார்கள். ஏஎம்எச் (முட்டைச் சேமிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) மறுபடி, ஸ்கேன் மறுபடி, ரத்தம் மறுபடி. சாயங்காலம் வெளியே வரும்போது கையில் ஒரு பேக்கேஜ் தாள் இருக்கும். பழைய சிகிச்சையில் என்ன நடந்தது என்று யாரும் ஒரு பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

நான் டாக்டர் கிடையாது. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. எங்களுக்கும் நிற்கவில்லை, நாங்களும் அலைந்தோம். அந்த அனுபவத்தில் பேசுகிறேன், அவ்வளவுதான்.

கோபிப்பாரா என்றால், கோபித்தாலும் கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் செகண்ட் ஒப்பீனியன் கேட்பதைத் தனி உரிமையாகவே எழுதியிருக்கிறார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2019ல் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. எங்கள் டாக்டர் கோபிக்கவில்லை, "தாராளமா பாருங்க" என்றார். கோபித்தது ரிசப்ஷனில் இருந்த பெண். அதை நாளைக்குச் சொல்கிறேன், இப்போது தூக்கம்.

மே 12

டிஸ்சார்ஜ் சம்மரி என்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தாள். இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்யப்பட்டது, கரு வைக்கப்பட்டது, பீட்டா எச்சிஜி (கர்ப்பம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) நெகட்டிவ். இதை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் கேட்டது லேப் தாள். "அதெல்லாம் இன்டர்னல் ரெக்கார்டு சார், பேஷன்டுக்குத் தர மாட்டோம்" என்றார் அந்தப் பெண். அவர் மேல் தப்பில்லை, அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருடத்து நடத்தை விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்டுச் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. வெள்ளைத் தாளில் எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து கொடுத்த மறுநாளே எங்களுக்கு ஃபோன் வந்தது.

என்னென்ன கேட்பது: ஊசி அட்டவணை (மருந்தின் பெயர், யூனிட், எத்தனை நாள், முட்டையை முதிர வைக்கும் கடைசி ட்ரிகர் ஊசி எந்த மணிக்கு). முட்டை எடுத்த நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை லேப்பில் எழுதிய தாள். ஒவ்வொரு ஸ்கேனிலும் கருப்பை உள்சுவர் எத்தனை மில்லிமீட்டர். கரு வைத்த அன்று அதை உள்ளே விடும் மெல்லிய குழாய் சுலபமாகப் போனதா, சிரமப்பட்டதா என்ற குறிப்பு. ஹெச்எஸ்ஜி (கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே) எடுத்திருந்தால் அதன் ஃபிலிம், வெறும் ரிப்போர்ட் போதாது. அப்புறம் கணவருடைய விந்து பரிசோதனை, முதலில் எடுத்ததிலிருந்து எல்லாம்.

மே 12, மறுபடி

ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், போதாதா என்று கேட்டிருந்தார் ஒருவர். டாக்டர் பார்ப்பதற்குள் உங்கள் அக்கா மகள் காதுகுத்து, ஏற்காடு ஏரியில் படகு, நாய்க்குட்டி எல்லாம் தாண்ட வேண்டியிருக்கும். பிரிண்ட் எடுங்கள், தேதி வரிசையில் அடுக்குங்கள்.

மே 15

லேப் தாளை எப்படிப் படிப்பது என்று இரண்டு பேர் கேட்டார்கள். எங்களுக்கு ஒரு எம்ப்ரியாலஜிஸ்ட் (லேப்பில் கருவை வளர்ப்பவர்) பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறேன்.

எண்ணிக்கை ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டேதான் வரும். எடுத்த முட்டை, அதில் முதிர்ந்தது, அதில் கருவானது, மூன்றாம் நாள் தாண்டியது, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் (வைப்பதற்குத் தயாரான வளர்ந்த கரு) ஆனது. குறைவது இயல்பு. எந்த இடத்தில் தடாலென்று விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முட்டையே கம்மி என்றால் கருப்பையில் இருக்கும் முட்டைச் சேமிப்பு, ஊசியின் அளவு பற்றிய பேச்சு. எடுத்தது நிறைய, முதிர்ந்தது கம்மி என்றால் ட்ரிகர் கொடுத்த நேரத்தையும் பார்ப்பார்கள். முதிர்ந்தும் கருவாகவில்லை என்றால் முட்டை, விந்தணு இரண்டையுமே கேள்வி கேட்க வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில்தான் கருவுக்குள் அதனுடைய சொந்த மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்குகின்றன. அதுவரை அம்மாவின் முட்டையில் இருந்த சரக்கை வைத்து ஓட்டுகிறது. அதற்குப் பிறகு நிறைய நின்றுவிட்டால் அப்பாவின் பக்கத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நியாயம். எங்கள் தாளில் சரிவு அந்த இடத்தில்தான் இருந்தது.

4 ஏஏ, 3 பிபி என்று எழுதியிருப்பது தரம். எண் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் செல்கள், இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள். பார்வைக்கு அழகான கருவில் குரோமோசோம் சரியாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. "ஏ கிரேடு வெச்சும் நிக்கலையே" என்று என் மனைவி பல நாள் புலம்பியதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மே 15, ஒரு வரி

மேலே "கருப்பையில் முட்டைச் சேமிப்பு" என்று வந்துவிட்டது, கருமுட்டைப்பை என்று படிக்கவும். சுட்டிக்காட்டிய நர்சம்மாவுக்கு வணக்கம்.

மே 17

வாசல் பலகையில் "80 சதவீத வெற்றி" என்று இருக்கும். எதில் எண்பது? ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதா, இதயத் துடிப்பு கேட்டதா, குழந்தை வீட்டுக்கு வந்ததா? யாரையெல்லாம் எண்ணி வகுத்தார்கள்? கரு வைத்தவர்களை மட்டுமா, ஊசி போட ஆரம்பித்து பாதியில் நின்றவர்களையும் சேர்த்தா? டோனர் முட்டை (வேறு பெண் கொடுத்த முட்டை) வைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டா? இவ்வளவும் கேட்டால் பலகை கொஞ்சம் சின்னதாகிவிடும்.

பிரிட்டனில் இதற்கென்று அரசு ஆணையம் இருக்கிறது, ஹெச்எஃப்இஏ. எல்லா கிளினிக்கும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்களுடைய 2019 கணக்கில் 35 வயதுக்குக் கீழே, சொந்த முட்டையில், வைத்த ஒரு கருவுக்குக் குழந்தை பிறந்தது 32 சதவீதம். வசதியான நாட்டில், இளவயதுப் பெண்களுக்கே மூன்றில் இரண்டு பங்கு குழந்தை வரை போவதில்லை. 33 வயதில் இரண்டு முறை நிற்காதது வேதனைதான், ஆனால் உங்களிடம் பெரிய கோளாறு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஐரோப்பிய மகப்பேறு சிகிச்சைச் சங்கமான எஷ்ரே 2023ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தொடர் தோல்வி என்று எப்போது சொல்வது என்பதற்கு இத்தனை தடவை என்று ஒரே எண்ணிக்கை வைக்கவில்லை. உங்கள் வயதுக்கும் கருவின் தரத்துக்கும், வைத்ததையெல்லாம் சேர்த்து, ஒட்டியிருக்க வேண்டிய வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் அப்போது கூடுதலாகத் தோண்டிப் பாருங்கள் என்கிறது. 28 வயதுக்காரிக்கு அந்த எல்லை சீக்கிரம் வரும். 41 வயதுக்காரிக்கு நாலைந்து தடவை போனாலும் வராமல் இருக்கலாம்.

மே 18

"32ஐ வைத்துப் போட்டால் இரண்டு தடவைக்கு 54தானே வருகிறது, அப்போ அந்தம்மாவுக்கு செகண்ட் ஒப்பீனியனே வேண்டாமா?" என்று ஒரு கணக்கு வாத்தியார் கேட்கிறார். கணக்கு சரி சார் (இரண்டு தடவையும் பிறக்காமல் போக 68 சதவீதத்தில் 68 சதவீதம், அதாவது 46; மீதி 54). ஆனால் 32 குழந்தை பிறந்த கணக்கு. 60 என்று அவர்கள் சொல்வது கரு ஒட்டும் கணக்கு. ஒட்டியதெல்லாம் பிறப்பதில்லை, அதனால் ஒட்டும் விகிதம் அதைவிட அதிகம், எல்லையும் சீக்கிரம் வந்துவிடும். தவிர, அந்த 60 கூடுதல் டெஸ்ட் எடுப்பதற்கான எல்லை. இன்னொருவரிடம் ஃபைலைக் காட்டுவதற்கு எல்லை எதுவும் கிடையாது.

மே 24

ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார், காபித் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறாராம். கரு வைத்த அன்றே பஸ்ஸில் மலையேறியதால்தான் நிற்கவில்லை, 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கி விழுந்துவிட்டது என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்களாம். இந்த மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் வரை அதே பேச்சு.

அம்மா, கரு குலுங்கி விழாது. கருப்பை பானை மாதிரித் திறந்து கிடக்கும் இடம் என்று நினைக்கிறோம். முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் சொன்னது: "தட்டுவடை செட்டுல நடுவுல வெச்ச சட்னி எங்கயாச்சும் ஓடுதா? கவுத்தாலும் அங்கயேதான் இருக்கும்." சேலத்துக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கரு வைத்த பிறகு படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. குப்பனூர் வழியாகப் போயிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

ஆனால் அவர் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் விஷயம். வேறொரு டாக்டரிடம் பழைய ஃபைலைக் கொடுத்தபோது, ரொம்ப முன்னால் எடுத்த ஒரு ஸ்கேனில் "இடது கருக்குழாயில் நீர்?" என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்ததை அவர் பிடித்தாராம். அந்தக் கேள்விக்கு யாரும் பதிலே எழுதவில்லை. ஹைட்ரோசால்பிங்ஸ் என்பார்கள். அடைபட்ட குழாயில் நீர் கட்டி, அது கருப்பைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல கருவை வைத்தாலும் அந்த நீரில் ஒட்டுவது கஷ்டம். ஐவிஎஃப்புக்கு முன்பே லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) அந்தக் குழாயை எடுத்துவிடுவது, அல்லது கருப்பைப் பக்கம் கட்டிவிடுவது வழக்கம். இதில் டாக்டர்களுக்குள் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஃபிலிம் கேளுங்கள் என்று நான் அடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

குழாயில் நீர் என்றால் எதனால் என்றும் கேட்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் கருக்குழாயிலும் கருப்பை உள்சுவரிலும் வருவது உண்டு, இருமல் சளி எதுவுமே இல்லாமல். அதே சமயம் பிசிஆர் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) பாசிட்டிவ் என்ற ஒரு தாளை மட்டும் வைத்து ஆறு மாதக் காசநோய் மாத்திரை ஆரம்பிப்பது சரியா என்பதில் டாக்டர்களே ஒத்துப்போவதில்லை. அங்கேயும் இன்னொரு கருத்துக் கேட்கலாம்.

ஜூன் 8

அம்மாப்பேட்டை வாசகிக்குக் கொடுத்த "கூடுதலாகச் சிலது" பட்டியல் வந்திருக்கிறது. எங்களுக்குக் கொடுத்ததும் கிட்டத்தட்ட இதே பட்டியல். பிரிண்டர் மட்டும் வேறு.

இன்ட்ராலிப்பிட்: சோயா எண்ணெயில் செய்த கொழுப்புத் திரவம். வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்ற வந்த பொருள். எதிர்ப்புச் சக்தி கருவைத் தாக்காமல் தடுக்கும் என்று ஏற்றுகிறார்கள். எஷ்ரே 2023 வழிகாட்டி இதைப் பரிந்துரைக்கவில்லை.

கருப்பை உள்சுவரைச் சுரண்டுவது: காயம் ஆறும்போது கரு நன்றாக ஒட்டும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். 1,364 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2019ல் வந்தது. சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்ததில் வித்தியாசம் இல்லை. சுரண்டியவர்களுக்கு வலி மட்டும் மிச்சம்.

ஈஆர்ஏ: கரு ஒட்டும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட். 2022ல் வந்த ஆய்வில் இதைப் பார்த்து வைத்ததற்கும் வழக்கமான நேரத்தில் வைத்ததற்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை.

மேலே சொன்ன பிரிட்டன் ஆணையம் இப்படிப்பட்ட சேர்மானங்களுக்கு வண்ணம் கொடுத்துத் தரம் பிரித்து இணையத்தில் போட்டிருக்கிறது. டாக்டர் எழுதும் ஒவ்வொரு பெயரையும் அங்கே தேடிப் பாருங்கள்.

டாக்டரைத் திட்டவில்லை. எதிரில் ஒரு பெண் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "போன தடவை செய்ததையே மறுபடி செய்யலாம்" என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? சொன்னால் நாம் எழுந்து அடுத்த கிளினிக் போய்விடுவோம். "இந்தத் தடவை புதுசா ஏதாவது பண்ணுங்க டாக்டர்" என்று கேட்டதே நான்தான். பட்டியல் பாதி அவர்கள் எழுதியது, பாதி நாம் எழுத வைப்பது.

ஜூன் 9

அன்னாசி, பப்பாளி சாப்பிடலாமா என்று கேட்டு ஏழெட்டுப் பேர். சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழ சீசனில் மாம்பழம் சூடு என்று தள்ளி வைப்பவர்களும் இருக்கிறார்களாம். சர்க்கரை இல்லாவிட்டால் சாப்பிடுங்கள். நல்ல மல்கோவாவை மிஸ் பண்ணியதற்கு எந்த டாக்டரும் செகண்ட் ஒப்பீனியன் தர முடியாது.

ஜூன் 22

எங்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு செகண்ட் ஒப்பீனியனுக்கு வேலூர் போய்வந்தோம். சேலம் ஜங்ஷனில் ஏறினால் காட்பாடி. கோயம்புத்தூரை விட்டு ஏன் அங்கே என்றால், புதிதாக ஐவிஎஃப் செய்யச் சொல்லி ஆரம்பிக்காமல் ஃபைலை மட்டும் பார்ப்பார் என்று தெரிந்தவர் சொன்ன டாக்டர் அங்கே இருந்தார். வேறு ராசியெல்லாம் இல்லை.

முதலில் ஒன்றும் பேசவில்லை. தாள்களைத் திருப்பிக்கொண்டே போனார், சில இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை?" என்றார். இத்தனை காலத்தில் யாரும் கேட்காத கேள்வி. கொலுசுப் பட்டறை, உருக்கு அடுப்புப் பக்கம்தான் உட்காருவேன், பற்றவைப்பதும் நானே என்றேன். திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பரிசோதித்தார். வெரிகோசீல் (விதைப்பை ரத்தக் குழாய் வீக்கம்) இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அதுவரை என் பங்குக்கு எல்லோரும் கேட்டது ஒரு டப்பா சாம்பிள் மட்டும். இவளுக்கு ஊசி, ஸ்கேன், மயக்க மருந்து என்று உடம்பெல்லாம் தடம். எனக்கு ஒரு தாள்.

என் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றுதான் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், அசைபவை 42 சதவீதம். எல்லையை ஒட்டி நின்றாலும் பேப்பரில் நார்மல்தான். ஒரே சாம்பிளை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏறி இறங்கும் என்றார். சூடு விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், ஓர் அணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதம் போல ஆகும், அதனால் இன்றைக்கு அடுப்பை விட்டு எழுந்தால் மூன்று மாதம் கழித்துத்தான் டெஸ்ட்டில் தெரியும். பற்றவைக்கும் பொடியில் காட்மியம் உண்டா என்றும் கேட்டார். சில பொடியில் உண்டு. அந்தப் புகை சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும்கூடக் கெடுதல், குழந்தை இருக்கட்டும், முதலில் அதை மாற்றுங்கள் என்றார். சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவி எனக்கு அத்தை மகள். சொந்தத்தில் கட்டியதால்தான் நிற்கவில்லையா என்று அவள் கேட்டாள். பிறக்கும் குழந்தைக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு அதனால் கூடலாம், கரு ஒட்டாததற்கு அதைக் காரணம் சொல்ல இந்த ஃபைலில் ஒன்றும் இல்லை என்றார்.

கிளம்பும் முன் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "இதே கேஸ் முதல்லயே உங்ககிட்ட வந்திருந்தா எதை வேற மாதிரி பண்ணியிருப்பீங்க?" இதை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். "எங்களுக்குக் குழந்தை பிறக்குமா" என்று கேட்டால் ஆறுதல்தான் கிடைக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அவர் சொன்ன பதில்: "அவரைக் கூடுதலா பார்த்திருப்பேன். மத்தபடி இவங்க செஞ்சது சரி. நானும் இதையேதான் செஞ்சிருப்பேன்."

ரயிலில் இவள் பேசவே இல்லை. ஆம்பூர் வந்தது, பிரியாணி வேண்டுமா என்றேன், பதில் இல்லை. மொரப்பூர் தாண்டித்தான் வாய் திறந்தாள். "யாராச்சும் ஒருத்தர் தப்பு பண்ணிட்டாங்கன்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

ஜூன் 23

"அதையே சொல்வதற்கு வேலூர் வரை போனீர்களா, பணம் தண்டம்" என்கிறார் ஒரு நண்பர். ஏற்காட்டுச் சகோதரிக்குக் கிடைத்த மாதிரி எங்களுக்கும் ஒரு குழாய் கிடைத்திருந்தால் நீங்கள் கை தட்டியிருப்பீர்கள். எனக்கும் அவரைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைதான்.

ஆனால் வேலூர் டாக்டர் பேனாவை எடுத்து எங்களுக்குக் கொடுத்திருந்த அந்தக் "கூடுதல்" பட்டியலில் இன்ட்ராலிப்பிட்டை அடித்தார், ஈஆர்ஏவை அடித்தார், பிஆர்பியை (சொந்த ரத்தத்தில் பிரித்த தட்டணுக்களைக் கருப்பைக்குள் விடுவது) அடித்தார். கடைசியில் நின்றது ரத்தத்தில் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி (ரத்தம் உறையும் கோளாறு பார்க்கும் டெஸ்ட்), ஒரு முறை ஹிஸ்டிரோஸ்கோபி (கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), என் டெஸ்ட். அவ்வளவுதான். அடித்த வரிகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள், ரயில் டிக்கெட்டும் ஃபீஸும் தம்மாத்துண்டு. அதைவிட, "நாம்தான் சரியாகப் பார்க்கவில்லையோ" என்று ராத்திரியெல்லாம் இவள் உருட்டிக்கொண்டிருந்தது குறைந்திருக்கிறது. கோபம் போகவில்லை. யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம் இப்போது என் மேல் வருகிறது. வரட்டும்.

ஜூலை 13

குகையிலிருந்து ஒருவர்: மனைவிக்கு 31 வயது, ஒரே ஒரு தோல்வி, உடனே டோனர் முட்டை என்கிறார்களாம். இதற்கென்றே தனியாக ஒரு செகண்ட் ஒப்பீனியன் கேளுங்கள். ஏஎம்எச் எவ்வளவு, ஸ்கேனில் இரண்டு பக்கமும் முட்டை வளரும் குமிழ்கள் எத்தனை, லேப் தாளில் எங்கே சரிந்தது, இந்த மூன்றும் இல்லாமல் டோனர் பேச்சே எடுக்கக் கூடாது. சிலருக்கு டோனர்தான் உண்மையான வழி, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சொல்லும் காரணம் தாளில் தெரிய வேண்டும்.

2022ல் ஈரோட்டில் வெடித்த வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். பதினாறு வயதுப் பெண்ணின் கருமுட்டைகளைத் திரும்பத் திரும்ப எடுத்து விற்றார்கள். 2021ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி முட்டை கொடுப்பவருக்கு 23லிருந்து 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, பதிவு பெற்ற வங்கி மூலமாகத்தான் வர வேண்டும். "தெரிஞ்ச பொண்ணு இருக்கு சார், நாங்களே ஏற்பாடு பண்றோம்" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதே சட்டத்தில் நமக்கு உதவுகிற விஷயமும் உண்டு. அந்த கிளினிக்கில் பலன் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, செலவு, பக்க விளைவு, இரட்டைக் குழந்தை ஆபத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறை கேட்க ஒரு பிரிவு வைத்திருக்க வேண்டும். பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மேட்டூர் போகும் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது. கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம், மூன்று அத்தைகள் மூன்று டாக்டர் சொன்னார்கள், ஒருவர் நாமக்கல் பக்கம் வைத்தியர் சொன்னார். புதுசாகக் கல்யாணமானவர்களை ஆடியில் பிரித்து வைக்கும் ஊரில், எங்களைப் பார்த்து மட்டும் "சேர்ந்து இருக்கீங்களா" என்று கேட்கிறார்கள். இதெல்லாம் செகண்ட் ஒப்பீனியன் கணக்கில் வராது.

ஆகஸ்ட் 10

அம்மாப்பேட்டை வாசகிக்கு ஃபைல் கிடைத்துவிட்டதாம், சந்தோஷம். இப்போது ஊர்க் கேள்விக்கு வரலாம். சேலத்திலும் கேட்கலாம், திறமைக்குப் பஞ்சம் இல்லை. ஒன்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே எம்ப்ரியாலஜிஸ்ட் இரண்டு மூன்று கிளினிக்குக்குப் போய்வருவது உண்டு. ஃபேர்லாண்ட்ஸிலிருந்து ஐந்து ரோட்டுக்கு மாறினோம் என்று நீங்கள் நினைப்பீர்கள், உள்ளே கருவைப் பார்ப்பது அதே கண்ணாக இருக்கும். கருத்துக் கேட்க ஒரு நாள் வெளியூர் போய்வருவது சுலபம். சிகிச்சைக்கு வெளியூர் என்றால் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அடிக்கடி அலைய வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் அதையும் யோசியுங்கள்.

உறைய வைத்த கரு பழைய இடத்திலேயே மிச்சம் இருக்கிறது, புது இடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில், அதற்கென்றே உள்ள கேனில் கொண்டுபோவது தொழில்நுட்பமாக முடியும். ஆனால் சொந்தக் கருவைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றவும் தேசிய வாரியத்தின் அனுமதியைச் சட்டம் கேட்கிறது. இரண்டு கிளினிக்கிடமும் எழுத்தில் கேட்டு, நடைமுறை தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். பத்து வருடம் வரை வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வருடக் கட்டணத்தை மறக்காமல் கட்டி ரசீதை அந்த ஃபைலிலேயே சேருங்கள். மிச்சம் கரு இருக்கும்போது அதை வைக்காமல் மறுபடி ஊசியிலிருந்து ஏன் ஆரம்பிக்கச் சொன்னார்கள் என்பதுதான் நீங்கள் இரண்டாவது டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இதை மே மாதமே சொல்லியிருக்கலாமே அம்மா!

எங்கள் விஷயம் கேட்டவர்களுக்கு: உருக்கு அடுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான், அவனுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. நான் இப்போது முன்னால் உட்கார்ந்து எடை போடுகிறேன், பில் எழுதுகிறேன். டெஸ்ட் செப்டம்பர் கடைசியில். அதுவரை கொலுசு விலை தவிர வேறு எதுவும் என்னிடம் கேட்காதீர்கள்.